காத்தாடி (காற்றாலை) ஏறப் போகும் தம்பிகளுக்கு: ஹார்னஸ் நல்லதா என்று பார்ப்பது எப்படி?

பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்த பையன்கள் பலர் முதல் சம்பளம் வாங்குவது காத்தாடியில்தான். சேர்ந்த சில நாளிலேயே கையில் ஒரு ஹார்னஸை, அதாவது விழுந்தால் தாங்கிப் பிடிக்க உடம்பில் மாட்டும் பட்டைக் கட்டை, கொடுத்து டவரைக் காட்டுவார்கள். சில இடங்களில் "நீயே ஒண்ணு வாங்கிட்டு வா" என்பார்கள். உடனே எனக்கு ஒரு போட்டோ வரும். "அண்ணே, இந்த பெல்ட் நல்லதா?"

போட்டோவைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது தம்பி. ஹார்னஸை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். என் தாத்தா பனையேறி. தளைநாரைக் காலில் மாட்டுவதற்கு முன் தினமும் இரண்டு கையாலும் முறுக்கிப் பார்ப்பார். முந்தின நாள் அதே நாரில் நாற்பது மரம் ஏறியிருந்தாலும் மறுநாள் காலையில் முறுக்காமல் ஏறியதில்லை. நான் இங்கே சொல்லப்போவதும் அதே பழக்கத்தைத்தான்.

1. இடுப்பு பெல்ட்டா, முழு உடல் ஹார்னஸா?

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டைக் கொடுத்தால் அதோடு ஏறாதீர்கள். ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும்போது சாய்ந்துகொள்ள அது உதவும். விழுந்தால் மொத்த அடியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கிவிடும். முழு உடல் ஹார்னஸில் அந்த அடி தொடை, இடுப்பு, மார்பு, தோள் என்று பிரிந்து போகிறது. முதுகில் ஒரு டி-ரிங் (ஆங்கில D வடிவ வளையம்), மார்பில் ஒரு டி-ரிங் இருக்க வேண்டும். டவர் ஏணியின் நடுவில் போகும் கம்பியில் மாட்டும் பிடிப்பான் மார்பு ரிங்கில்தான் கோக்கப்படும். முதுகு ரிங் மட்டும் உள்ள ஹார்னஸ் நம் வேலைக்குப் போதாது.

2. லேபிளைப் படியுங்கள்

தயாரித்த கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், தயாரித்த மாதமும் வருடமும், தர எண். இத்தனையும் லேபிளில் இருக்க வேண்டும். நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 3521. ஐரோப்பியத் தரம் ஈஎன் 361. அந்தச் சோதனையில் ஹார்னஸ் 15 கிலோநியூட்டன் இழுவையை, அதாவது சுமார் ஒன்றரை டன் பாரத்தை, மூன்று நிமிடம் தாங்கியாக வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் பக்கத்தில் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால், உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யலாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள்.

லேபிள் கிழிந்து போயிருந்தால்? அந்த ஹார்னஸ் வேண்டாம். வயதும் தரமும் தெரியாத நாடாவில் உயிரைக் கட்டக் கூடாது. நாடாப் பகுதிக்குக் கம்பெனிகள் பெரும்பாலும் 5 முதல் 10 வருடம் வரை ஆயுள் கொடுக்கின்றன. உங்களுடையதற்கு எவ்வளவு என்று அதன் கையேட்டிலேயே இருக்கும்.

3. நாடாவை வளைத்துப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். நாடாவை ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கையாலும் பிடித்து, தலைகீழ் 'ப' போல வளையுங்கள். வளைவின் மேல்பக்கம் விரியும்போது, தட்டையாகக் கிடக்கையில் கண்ணுக்குப் படாத வெட்டும் அறுந்த இழையும் வெளியே வரும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போங்கள். அப்புறம் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் பாருங்கள். முதல் தடவை கால் மணி நேரம்கூட ஆகும், அவசரப்பட வேண்டாம்.

ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ஓரிடம் மட்டும் கெட்டியாக, பளபளப்பாக இருந்தால் சூடு பட்டு உருகியிருக்கிறது. குண்டூசி அளவு ஓட்டைகள் வெல்டிங் பொறி விழுந்த அடையாளம். நிறம் வெளுத்து, தடவினால் பஞ்சு போல நூல் எழும்பினால் வெயில் தின்றிருக்கிறது. நைலானானாலும் பாலியெஸ்டரானாலும் நம் ஊர் வெயில் அதன் பலத்தைக் குறைக்கத்தான் செய்யும். பேட்டரி ஆசிட் பட்ட நைலான் வெளியே பெரிதாகத் தெரியாமலே உள்ளே பலம் இழந்துவிடும். அதனால் கறை எதனால் வந்தது என்று தெரியாவிட்டால் அந்த ஹார்னஸையும் ஒதுக்குங்கள். மார்க்கர் பேனாவால் நாடாவில் பெயர் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மையில் இருக்கும் ரசாயனமும் நாடாவுக்கு ஆகாது.

கூடங்குளம், உவரி பக்கம் வேலை செய்பவர்களுக்குக் கடல்காற்றும் உண்டு. வியர்வை உப்போடு அந்த உப்பும் சேர்ந்து நாடாவுக்குள் காய்ந்தால் இழையை அராவும்.

4. தையல்

எனக்கு மிக முக்கியம் இதுதான். ஹார்னஸில் பாரம் தாங்கும் இடங்கள் பெரும்பாலும் தையலால் பிடிக்கப்பட்டவை. நாடா எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தையல் விட்டால் எல்லாம் விட்டது. நல்ல கம்பெனிகள் நாடா ஒரு நிறம், நூல் வேறு நிறம் என்று தைப்பது அழகுக்காக இல்லை, அறுந்த நூல் பளிச்சென்று கண்ணில் படுவதற்காக.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கான்ட்ராக்டர் கொடுத்த ஹார்னஸ் புத்தம் புதிது போல இருந்தது. லேபிள் இல்லை, கறுப்பு நாடாவில் கறுப்பு நூல். நானும் அதைப் போட்டு ஒரு மாதம் ஏறினேன். ஒருநாள் மதியம் நிழலில் உட்கார்ந்திருக்கும்போது, தொடைப்பட்டை தைத்திருந்த இடத்தில் விரல் நகம் மாட்டியது. லேசாக இழுத்தேன். நூல் வரிசையாகக் கழன்று வந்தது. அன்று நான் பயந்த பயம் இன்னும் மனசில் இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு தையல் கட்டத்தையும் நகத்தால் வருடுங்கள். அறுந்த நூல், தளர்ந்த நூல், நடுவில் விட்டுப்போன தையல், இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், ஒதுக்கிவிடலாம். வீட்டில் ஊசி நூல் எடுத்துத் தைத்துச் சரிசெய்யவே கூடாது. சில ஹார்னஸ்களில் முதுகு ரிங்குக்குப் பக்கத்தில் நாடாவை மடித்துத் தனியாகத் தைத்திருப்பார்கள். யாராவது அதில் ஒரு தடவை விழுந்திருந்தால் அந்த மடிப்பு பிரிந்திருக்கும். பழைய ஹார்னஸ் வாங்குபவர்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

5. இரும்புச் சாமான்

டி-ரிங், பக்கிள், கொக்கி. விரிசல், வளைவு, துரு, கூரான முனை இருக்கக் கூடாது. கொக்கியின் வாயைத் திறந்து விட்டால் தானாக மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். பத்து தடவை திறந்து மூடுங்கள். ஒரு தடவை பாதியில் நின்றாலும் ஆகாது.

6. லேன்யார்டும் ஷாக் அப்சார்பரும்

ஹார்னஸை டவரோடு இணைக்கும் கயிறுதான் லேன்யார்ட். இரட்டைக் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்க வேண்டும். நடுவில் இருக்கும் சின்னப் பொட்டலம்தான் ஷாக் அப்சார்பர். விழும்போது உள்ளே மடித்துத் தைத்த நாடா கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து, உடம்பில் விழும் விசையை 6 கிலோநியூட்டனுக்குள், அதாவது சுமார் 600 கிலோ பாரத்துக்குள், நிறுத்தும். ஈஎன் 355 தரப்படி அது அதிகபட்சம் 1.75 மீட்டர் நீளலாம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கால்மட்டத்துக்குச் சற்று மேலே கொக்கியை மாட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். லேன்யார்ட் 2 மீட்டர், அப்சார்பர் விரிவது 1.75, முதுகு ரிங்கிலிருந்து பாதம் வரை சுமார் 1.5, கீழே மிச்சம் 1. மொத்தம் 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே அவ்வளவு காலி இடம் இல்லையென்றால், ஹார்னஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தரையிலோ கீழ்த்தளத்திலோ மோதிவிடுவீர்கள். எப்போதும் தலைக்கு மேலே மாட்டச் சொல்வது இதனால்தான்.

7. போட்டுப் பாருங்கள்

தொடைப்பட்டைக்குள் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், மூடிய கைமுட்டி நுழையக் கூடாது. முதுகு ரிங் இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்புறம், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, தரைக்கு அரை அடி மேலே சில நொடி தொங்கிப் பாருங்கள். தொடை இடுக்கில் வெட்டுவது போல வலித்தால் அளவு சரியில்லை. விழுந்தபின் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். உங்களை எப்படிக் கீழே இறக்குவார்கள் என்று ஏறுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

8. வைத்துக்கொள்வதும் வெட்டிப் போடுவதும்

மென்மையான சோப்பில் கழுவி நிழலில் காய வையுங்கள். பைக் பெட்டியில் பெட்ரோல் துணியோடு திணிக்காதீர்கள். ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் நீங்களே பார்க்க வேண்டும்; 12 மாதத்துக்கு ஒருமுறையாவது பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்து, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். சும்மா கிடந்த ஹார்னஸுக்கும் இது பொருந்தும். விமானத்திலிருந்து குதிப்பவர்களின் ஹார்னஸும் இதே இனம்தான். அவர்களுடைய மாற்றுப் பாராசூட்டை ஒருதடவைகூட விரிக்காவிட்டாலும் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து, சோதித்து, திரும்ப மடிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

ஒருமுறை விழுந்து தாங்கிய ஹார்னஸும் லேன்யார்டும் அதோடு முடிந்தன. ஒதுக்கியதை மூலையில் போட்டால், ஆடி மாதக் காற்றில் வேலை குவியும்போது யாராவது ஒரு பையன் எடுத்து மாட்டிக்கொள்வான். கத்தரிக்கோலால் பட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். என்னுடைய அந்தக் கறுப்பு ஹார்னஸை நான் வெட்டும்போது கூட இருந்தவர்கள் "நல்லாத்தானல இருக்கு, ஏன் வெட்டுத?" என்றார்கள். இன்னொரு தொடைப்பட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்து, நூலை இழுக்கச் சொன்னேன்.