ஏற்காட்டுக்கு வண்டியில் போகிறவர்கள் ஜெர்கின் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பாதியிலேயே ஏற்காட்டு மலைப்பாதையில் குளிர் இறங்கிவிடும். சேலத்திலிருந்து தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு மேலே வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், எஸ்டேட் ஆபீஸில் இருப்பவர்கள், விடுதிகளில் வேலை செய்யும் பையன்கள் என்று ஒரு கூட்டமே கோரிமேடு வழியாக ஏறும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆறு குளிர்காலத்தில் மூன்று ஜெர்கின் வாங்கிவிட்டேன். முதல் இரண்டும் சரியில்லை, மூன்றாவதுதான் இன்றுவரை உழைக்கிறது. முதல் இரண்டை வாங்கும்போது கடைக்குள் நின்று குளிரை யோசித்தேன். ஓடும் வண்டியில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

முதலில் சாலையைக் கணக்கில் எடுப்போம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் மேலே போனால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்குள் 8 டிகிரி இறக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் 20 டிகிரி இருக்கும் காலையில் ஏற்காடு ஏரிக்கரையில் 12 இருக்கும். 12 டிகிரியில் சும்மா நின்றால் ஒரு ஸ்வெட்டர் போதும். வண்டியில் போகும்போதுதான் கதை மாறுகிறது. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் முகத்துக்கு 6 டிகிரி போல உறைக்கும். காற்றே இல்லாத நாளில்கூட, 40-இல் வண்டி ஓட்டுகிறவர் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டு போகிறார்.

இதை மறந்துவிட்டு, தடிமனைப் பார்த்து வாங்குவதுதான் எல்லோரும் செய்கிற பெரிய தவறு. என் முதல் ஜெர்கின் அப்படிப்பட்டது. கையில் தூக்கினால் தலையணை மாதிரி இருந்தது, கடைக்காரரும் "சார், இது காஷ்மீருக்கே போதும்" என்றார். ஒன்பதாவது வளைவு தாண்டுவதற்குள் நெஞ்சில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்தியது போல ஆகிவிட்டது. பஞ்சு நிறைய இருந்தது, ஆனால் மேல்துணி இழை தளர்ந்தது. ஜெர்கினுக்குள் நம்மைச் சூடாக வைப்பது அந்தப் பஞ்சுக்குள் அசையாமல் தேங்கி நிற்கும் காற்றுதான். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான அந்தக் காற்றை, துணி வழியே நுழையும் ஊசிக்காற்று நிமிடத்துக்கு நிமிடம் வெளியே தள்ளிவிட்டால் எவ்வளவு பஞ்சு இருந்தும் பயனில்லை. அதே குளிரில் என்னோடு வந்த நண்பர் மெல்லிய ஜெர்கின்தான் போட்டிருந்தார். மேல்துணி நெருக்கமாக நெய்த நைலான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஜெர்கினின் முன்பக்கத் துணியில் வாயை ஒட்டவைத்துப் பலமாக ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். மூச்சு கையில் தெரிந்தால் அந்த ஜெர்கின் வண்டிக்கு ஆகாது. பஞ்சை இருத்தத் துணியின் குறுக்கே வரிவரியாகத் தையல் போட்டிருப்பார்கள். அந்தத் தையல் வரியிலும் ஒரு தடவை ஊதிப் பாருங்கள், ஊசித் துளை வழியாகவும் காற்று வரும். தைக்காமல் பஞ்சுத் தகடாகவே உள்ளே வைத்த ஜெர்கினில் இந்தத் தொல்லை குறைவு.

ஜிப்பும் அப்படித்தான். நம்ம ஊரில் நிறையப் பேர் ஜெர்கினை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், ஜிப் முதுகுப் பக்கம் இருக்கும். ஜிப்பின் பல்லிடுக்கு வழியாக நடு நெஞ்சுக்குக் காற்று வருகிறது என்று அனுபவத்தில் கண்டுபிடித்துச் செய்வது அது. காரணம் சரி, ஆனால் அப்படிப் போட்டால் தோள் பிடிக்கும், அவசரத்துக்குக் கழற்ற வராது, காலர் தொண்டையில் ஏறி நிற்கும். ஜிப்புக்கு உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மடிப்புத் துணி மேலிருந்து கீழ்வரை வைத்துத் தைத்த ஜெர்கின் கிடைக்கிறது. அதை வாங்கினால் நேராகவே போடலாம். அந்த மடிப்பு தாடைவரை போய் ஜிப் முனையை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடாவிட்டால் ஹெல்மெட்டுக்குக் கீழே ஜிப் முனை தாடையை அறுத்துக்கொண்டே வரும்.

அடுத்து உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது. எடை குறைந்த ஜெர்கின்களில் இரண்டு வகை உண்டு: வாத்தின் தூவி (இறகுக்கு அடியில் இருக்கும் மென்மயிர்) அடைத்தது, பாலியஸ்டர் இழை அடைத்தது. அன்னத்தூவி மெத்தையைப் பழம்பாட்டுகளிலேயே பார்க்கிறோம், தூவியின் பெருமை புதிதல்ல. ஒரே எடைக்குத் தூவியைப் போலச் சூடு தருவது வேறு இல்லை, மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். லேபிளில் 90/10 என்று இருந்தால் 90 பங்கு தூவி, 10 பங்கு இறகு. இவ்வளவு இருந்தும் ஏற்காட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தூவி நனைந்தால் சுருண்டு கட்டியாகிவிடும், தேங்கிய காற்று போய்விடும், காயவும் நாளாகும். நம் குளிர் வடகிழக்குப் பருவமழையின் வாலைப் பிடித்துக்கொண்டே வருகிறது. மழை இல்லாத நாளிலும் மேல் வளைவுகளில் மேகத்துக்குள்தான் ஓட்டுவோம். மேலே போய் வண்டியை நிறுத்திக் கையைப் பார்த்தால் ஜெர்கின் கை முழுவதும் கோலப்பொடி தூவியது போல நீர்த்துளி பூத்திருக்கும். பாலியஸ்டர் பஞ்சு ஈரத்திலும் ஓரளவு சூட்டைக் காக்கும், சீக்கிரம் காயும். என் இரண்டாவது ஜெர்கின் தூவி அடைத்தது. ஒரு டிசம்பர் முழுக்க அதைச் சமையலறைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டே இருந்தோம்.

பாலியஸ்டர் வகையில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சு என்று லேபிளில் எண் இருக்கும். 100, 120 என்று போக வேண்டாம். இந்தச் சாலைக்கு 60 போதும் என்பது என் முடிவு. சீக்கிரம் குளிருகிற உடம்பு என்றால் நெஞ்சுக்கு 80. அதற்கு மேல் போனால் பாதி வழிக்குள் வியர்க்கும். வியர்வையைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. சேலத்தில் கிளம்பும்போதே கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டால், சிக்னல் சிக்னலாக நின்று அடிவாரம் வருவதற்குள் பருத்தி பனியன் நனைந்துவிடும். பருத்தி அந்த ஈரத்தை விடாது. பத்தாவது வளைவுக்கு மேல் அந்த ஈர பனியன்தான் முதுகில் சில்லிட்டு நடுங்க வைக்கும். அப்புறம் ஜெர்கினைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் அடிவாரம் செக்போஸ்ட்வரை ஜிப்பை நெஞ்சளவுக்குத் திறந்தே விடுவேன், அங்கே நிறுத்தி மூடுவேன். உள்ளே பருத்திக்குப் பதில் விளையாட்டு டீ-ஷர்ட் துணி. அக்குளுக்குக் கீழே திறக்கிற ஜிப் உள்ள ஜெர்கின் கிடைத்தால் இன்னும் நல்லது.

அளவு பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பார்கள். வண்டியில் யாரும் அப்படி நிற்பதில்லை. கடை வாசலில்தானே உங்கள் வண்டி நிற்கிறது, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். கை நீளும்போது ஜெர்கின் கை மணிக்கட்டு எலும்பைவிட்டு மேலே ஏறக் கூடாது. ஏறினால் கையுறைக்கும் ஜெர்கினுக்கும் நடுவே இரண்டு அங்குலத் தோல் வெளியே தெரியும், அந்த இடைவெளி வழியாகக் காற்று முழங்கைவரை போகும். முதுகுப் பக்கம் இடுப்புக்கு மேலே தூக்குகிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இன்னொரு சட்டை போடலாமே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பதும் தவறு. பெரிய ஜெர்கின் காற்றில் படபடவென்று அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கும் சூட்டைக் கீழ்வழியாக வெளியே தள்ளும். ரொம்ப இறுக்கமும் ஆகாது. பஞ்சு நசுங்கினால் காற்று தேங்க இடமிருக்காது. மழைக்கு மேலே போடும் ரெயின் கோட் இறுக்கமாக இருந்தாலும் இதே கதைதான், ரெயின் கோட்டைத்தான் ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஜெர்கினை நம்பி ரெயின் கோட்டை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். தூறலுக்கு அது தாங்கும். தையலுக்கு உள்ளே டேப் ஒட்டாத ஜெர்கின் அரை மணி மழைக்குத் தாங்காது.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இது குளிரைவிட முக்கியம். அழுக்குத் தெரியாது என்று கறுப்பும் கருநீலமும் வாங்குகிறோம். மூடுபனியில் சில்வர் ஓக் நிழலில் கறுப்பு ஜெர்கின் போட்டவரை, வளைவில் திரும்பி இறங்கி வரும் பஸ் டிரைவர் எப்படிப் பார்ப்பார்? மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். விளக்கு பட்டால் மின்னும் பட்டை வைத்ததாக இருக்கட்டும், அது முதுகில் மட்டும் இருந்தால் லேப்டாப் பை அதை மறைத்துவிடும். கையிலும் இடுப்போரத்திலும் இருக்க வேண்டும்.

வண்டியிலிருந்து விழுந்தால் பஞ்சு ஜெர்கின் காப்பாற்றாது. மெல்லிய நைலான் தார்ச்சாலையில் உரசினால் உடனே கிழியும், உருகித் தோலில் ஒட்டவும் செய்யும். தோள், முழங்கைக் காப்புகளோடு வரும் ரைடிங் ஜாக்கெட்டுக்கு ஐரோப்பிய தர எண் உண்டு: உடைக்கு இ.என். 17092, காப்புக்கு இ.என். 1621. சேலம் வெயிலுக்காக வலைத்துணி ரைடிங் ஜாக்கெட் வைத்திருப்பவர்கள் குளிருக்காகத் தனியாக இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. அதற்குள்ளே காற்றுப் புகாத மெல்லிய ஜெர்கினைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே போடும் அந்த ஜெர்கினைத் தேர்ந்தெடுக்கும்போது ரைடிங் ஜாக்கெட்டைக் கடைக்கு எடுத்துப் போய் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமை மதியம் இறங்கும்போது கீழே 30 டிகிரி வெயில் இருக்கும். பாதி வழியில் ஜெர்கினைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட்டுவார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தொங்கும் ஜெர்கின் கை செயினிலோ பின்சக்கரத்திலோ சிக்கினால் வண்டியோடு தூக்கி எறியும். சைலன்சரில் பட்டால் துணி உருகிப் பஞ்சு வெளியே வரும். தன் பாக்கெட்டுக்குள்ளேயே மடிந்து சின்னப் பொட்டலமாகும் ஜெர்கின்தான் இங்கே தேவை, பைக்குள் டிபன் பாக்ஸ் பக்கத்தில் அடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே எடுத்து ஹேங்கரில் போடுங்கள். மாசி கழிந்ததும் அப்படியே சுருட்டிப் பீரோவில் அமுக்கி வைத்தால் அடுத்த கார்த்திகைக்குப் பஞ்சு தட்டையாகியிருக்கும். துவைக்கும்போது கம்பர்ட் மாதிரி வாசனைத் திரவம் ஊற்ற வேண்டாம், மேல்துணியில் நீர் ஒட்டாமல் உருளும் தன்மை அதனால் போய்விடும். கொஞ்சம் சோப்பு, நிறையத் தண்ணீர், முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.