பழைய ரிவோல்வருக்கு வலுக்கூடிய தோட்டா: கைவைக்கும் முன் பார்க்க வேண்டியவை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீடொன்றை விற்பதற்காக ஒழிக்கும்போது, டிரங்குப் பெட்டியின் அடியில் தோலுறைக்குள் ஒரு ரிவோல்வர் அகப்படுவது நடக்காத காரியமன்று. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த பாட்டனாருடையதாக இருக்கும். அதற்குரிய தோட்டா இப்போது கிடைப்பது அரிது. உடனே யாராவது ஒருவர், 'தோட்டாக்களை ஏந்திச் சுழலும் உருளையைக் கொஞ்சம் கடைந்துவிட்டால் இன்றைய தோட்டா போகும், அடியும் பலமாக இருக்கும்' என்று யோசனை சொல்வார். அந்த யோசனையை எப்படி எடைபோடுவது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். பெரும்பாலான பழைய ரிவோல்வர்களுக்கு விடை 'வேண்டாம்' என்பதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் வேண்டாம் என்பதைப் பொருளைப் பார்த்தே அறிந்துகொள்ள முடியும்.

சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அது ஆளுக்கு உரியது; வீடும் காணியும் போலப் பிள்ளைகளுக்கு இறங்கி வராது. ஆகவே பாட்டனாரின் பத்திரம் பெட்டியிலேயே இருந்தாலும் அது உங்களுக்குப் பாதுகாப்பாகாது. அனுமதியற்ற துப்பாக்கி அகப்பட்டால், அதைப் பையில் போட்டுக்கொண்டு முச்சக்கரவண்டியில் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினால், ஒப்படைக்கப் போகிறேன் என்று நீங்கள் சொல்வதை நம்புவதற்கு யாருக்கும் காரணமில்லை. பொருளை இருந்த இடத்திலேயே விட்டு, நிலையத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து, அவர்களையே வரச் சொல்லுங்கள். தனிப்பட்ட பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக வெலிசறையில் உள்ள கடற்படைப் பிரிவில் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்ததை அனுமதி உள்ளவர்களும் நினைவில் வைத்திருப்பது நல்லது. அனுமதிப்பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும் அளவையே மாற்றிவிடும் வேலையை வீட்டுப் பட்டறையிலோ தெரிந்த கடைசல்காரரிடமோ செய்விப்பது, உலோகம் தாங்கினாலும் சட்டம் தாங்காத காரியம்.

இனி, அனுமதியுடன் வைத்திருக்கும் ஒருவர் தம் ரிவோல்வரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். விசையில் விரலை வைக்காமல், குழல்வாயை ஆள் இல்லாத, கனமான தடுப்புள்ள பக்கம் திருப்பி, உருளையைத் திறந்து, தோட்டா உட்காரும் ஒவ்வோர் அறையும் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் சுண்டுவிரல் நுனியாலும் உறுதிசெய்ய வேண்டும். பச்சை பூத்த பழைய தோட்டா ஏதேனும் உள்ளே இறுகியிருந்தால், குச்சியால் தட்டி எடுக்க முயலாமல் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, குழலிலும் சட்டத்திலும் (குழலையும் உருளையையும் தாங்கும் உடற்பகுதி) உருளையிலும் உள்ள பொறிப்புகளைப் படிப்பது. இங்கேதான், குண்டின் தடிப்பை ஏறத்தாழ அங்குலக் கணக்கில் சொல்லும் '38' என்ற எண் பலரை ஏமாற்றுகிறது. பிரிட்டிஷ் படையின் என்ஃபீல்ட் ரிவோல்வரும் வெப்லி மார்க் 4 மாதிரியும் சுட்ட .38 தோட்டா குட்டையானது, சற்றுத் தடித்தது, அமெரிக்காவின்.38 ஸ்பெஷல் அதைவிட நீளமானது, சற்று ஒல்லியானது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸன் ரிவோல்வர்கள் பல, போருக்குப் பின் வணிகர்களின் கையில், ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி அறை நீட்டப்பட்டன. நீளத்தைக் கூட்டலாம், ஏற்கெனவே அகலமாக இருக்கும் அறையின் பின்பகுதியை ஒடுக்க முடியாது. அத்தகைய அறையிலிருந்து வெளிவந்த வெற்றுக் கோதைக் கையில் எடுத்துப் பார்த்தால், அடிப்பகுதி சிறு குடம் போல உப்பியிருக்கும். சிலவற்றில் நெடுக்காக ஒரு மயிரிழை வெடிப்பும், அதன் ஓரத்தில் கரியும் தெரியும். வெப்பவாயு வெளியேறிய வழி அது.

இதைவிட முக்கியமான பாடம் வெப்லி மார்க் 6. பிரிட்டிஷ் படை 1915இல் ஏற்றுக்கொண்ட .455 அளவு ரிவோல்வர் அது. போர்களுக்குப் பின் அமெரிக்காவுக்குப் போனவற்றில் ஏராளமானவற்றின் உருளைப் பின்முகத்தைச் சீவி, பிறைவடிவத் தகட்டில் கோத்த .45 ஏசிபி (அமெரிக்கத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கான) தோட்டா இருக்கும்படி செய்தார்கள். தோட்டா அழகாக உட்கார்ந்தது, அதுவே ஆபத்து. .455 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 இறாத்தல்; .45 ஏசிபிக்கு அமெரிக்கத் தொழில்தரம் வைத்திருக்கும் உச்சம் 21,000. துப்பாக்கியைப் பரிசோதிக்கும் சாலையில் வேண்டுமென்றே சுடும் கடுந்தோட்டா, வழக்கமான அழுத்தத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கூடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயுளில் ஓரிரு முறை மட்டும் தாங்க வேண்டிய சோதனையைவிடக் கடுமையான அடியை, சீவப்பட்ட வெப்லி ஒவ்வொரு சூட்டிலும் வாங்குகிறது. முதல் நாளே வெடிக்காமல் போனால் அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் உருளையின் சுவரும், முறித்துத் திறக்கும் சட்டத்தின் பூட்டும் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டிருக்கும்.

சீவப்பட்டதா என்பதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. உருளையின் வெளிப்பக்கம், பின்விளிம்பையொட்டிப் பொறித்த தொடர் எண்ணைப் பாருங்கள். இலக்கங்களின் ஒரு பகுதி வெட்டுண்டு, தலையில்லாத எழுத்துகள் போல நின்றால் அந்த உருளை கடைசலுக்குப் போய்வந்தது. மூடிய நிலையில் உருளைக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே வழக்கத்துக்கு மாறான இடைவெளி தெரிவதும் அதே செய்தியைச் சொல்லும்.

தோட்டா செய்பவர்களே இந்த ஆபத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள். 1935இல் .357 மேக்னம் வந்தபோது, அதன் கோதை .38 ஸ்பெஷலைவிட மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளமாக்கினார்கள், பழைய.38 ரிவோல்வரில் அது நுழைந்துவிடக் கூடாது என்பதே முக்கிய நோக்கம். உச்ச அழுத்தம் ஸ்பெஷலுக்கு 17,000, மேக்னத்துக்கு 35,000 இறாத்தல். அறையை நீட்டுகிறவர் அந்தத் தடுப்பைத்தான் அகற்றுகிறார். எஃகு எந்தக் கலவை, எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது என்பவை கண்ணுக்குத் தெரியாதவை. பழைய கரிமருந்துக் காலத்துச் சட்டம் பளபளப்பாக மெருகிடப்பட்டிருந்தாலும் அதன் உள்ளுறுதி அக்காலத்தினுடையதே.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றம் வேண்டும் என்பவர், உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலரிடம் எழுத்தில் விடை கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. தயாரிப்பாளர் இந்த மாதிரியை, இதே சட்டத்தோடும் இதே எஃகோடும், புதிய தோட்டாவுக்கும் தயாரித்து விற்றாரா? அறைகளின் முன்வாயும் குழலின் உட்பள்ளமும் புதிய குண்டின் விட்டத்துக்குப் பொருந்துகின்றனவா? வேலை முடிந்தபின் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தி முத்திரை இடப்படுமா? பிரிட்டனில் இந்த மூன்றாவதை விருப்பத்துக்கு விடுவதில்லை. பலங்குறையும்படி மாற்றிய துப்பாக்கியை லண்டன் அல்லது பர்மிங்ஹம் சோதனைச் சாலையில் மறுபடி தேற்றாமல் விற்பது குற்றம். முதல் கேள்விக்கே 'இல்லை' என்று வந்தால் மற்ற இரண்டையும் கேட்டு நேரம் போக்க வேண்டியதில்லை.

மாற்றாமல் வைத்திருக்க முடிவு செய்தவருக்குக் கொழும்பின் கடற்காற்று ஒரு தனித் தொல்லை. தோலுறைக்குள் வைத்தே பூட்டிவைப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை; தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட இரசாயனங்கள் உலோகத்தை அரிக்கும். உறையை வேறாக வைத்து, உலோகத்தில் மெல்லிய எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாக்களுக்கு வேறு பூட்டும் வேறு சாவியும் வைக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து, உறை தொட்டிருந்த பக்கத்தில் செம்புள்ளி ஏதும் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.