நோட்டை மூடிய பிறகு கிடைத்த படைப்பு

கல்லூரி இறுதியாண்டில், ஓர் இடத்தையே படைப்பாக்கும் நிர்மாணக் கலைப் (installation) படைப்புக்காக இரண்டு மாதம் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன்: நினைவு, இடப்பெயர்வு, தண்ணீர். எல்லாம் சொற்களாகவே நின்றன.

ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது, வற்றிய கண்மாயில் வண்டல் அப்பளம்போல விளிம்பு சுருண்டு கிடந்தது. ஒரு சில்லை எடுத்தேன். அடியில் நத்தை ஓடு ஒட்டியிருந்தது. அன்றே நோட்டை மூடிவிட்டேன்.

இரண்டு சாக்கு வண்டலைக் கொண்டுவந்து கல்லூரித் தரையில் கனமாகப் பரப்பினேன். வெடித்ததே தவிர, சுருளவில்லை. பிறகு கீழே மணலைப் பரப்பி, அதன்மேல் சலித்துக் கரைத்த வண்டலை மெல்லிய படலமாக ஊற்றினேன். மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்குவதால் விளிம்பு தானாக எழுந்தது. நான்காம் நாள் காலை கதவைத் திறந்தேன். அறை முழுக்கக் கண்மாய் வாசனை.

பார்வையாளர்கள் வெறுங்காலோடு இதன்மேல் நடக்க வேண்டும். உடையட்டும்.