அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கும் திருநங்கையர், திருநம்பியருக்கு: பினாங்கிலிருந்து ஒரு கணக்கு

பினாங்கிலோ பிறையிலோ வேலை பார்க்கும் திருநங்கை ஒருவர் பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கத் தொடங்கும்போது, முதலில் தாய்லாந்து மருத்துவமனையின் கட்டணத்தைத்தான் விசாரிக்கிறார். கணக்கை அங்கே தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் பின்னால் கையைக் கடிக்கிறது. சிகிச்சை முடிந்து சம்பளமில்லாமல் வீட்டிலிருக்கப்போகும் வாரங்களை முதலில் எண்ணுங்கள் என்பதே என் யோசனை.

பெண்ணுறுப்பு அமைக்கும் சிகிச்சைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப முடியாது. அதற்குப் பிறகும், அமைத்த பாதை சுருங்காதிருக்க டைலேட்டர் எனும் விரிக்கும் கருவியைச் சில மாதங்களுக்கு நாள்தோறும் பலமுறை பயன்படுத்த வேண்டியிருப்பதால், தொழிற்சாலை ஷிப்டோடு அதைப் பொருத்திக்கொள்வது எளிதன்று. நமது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் மருத்துவமனையில் தங்குவதற்கென ஆண்டுக்கு 60 நாள் சம்பள விடுப்பு தருகிறது. ஆயினும், வெளிநாட்டு மருத்துவர் கொடுத்த எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) முதலாளி ஏற்பார் என்று நம்பிப் புறப்படக் கூடாது. என் தோழி ஒருத்தி பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கணக்கு எழுதி வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் இரண்டு மாத வீட்டு வாடகை, மோட்டார் தவணை, அம்மாவுக்குக் கொடுப்பது, கட்டுத்துணி, பேட் என்று வரிசையாக இருந்தன. மருத்துவமனையின் பெயர் நான்காம் பக்கத்தில்தான் வந்தது.

1980களின் தொடக்கத்தில் வந்த ஃபத்வா இந்தச் சிகிச்சையை முஸ்லிம்களுக்குத் தடைசெய்த பின்னர், மலேசிய மருத்துவமனைகளை நம்பித் திட்டமிட வழியில்லாமல் போயிற்று. மருத்துவக் காப்புறுதியும் உதவாது. பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்தால் காரணம் புரியும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்களே என்று உறவினர் சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது அம்மாநிலத்துத் திருநங்கையருக்கான நலத்திட்டம், மலேசியக் கடப்பிதழோடு போய் நிற்பவருக்கு உரியதன்று.

தாய்லாந்து மருத்துவ மன்றத்தின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, அறுவைக்கு முன் மனநல மருத்துவர் இருவரின் மதிப்பீடு தேவைப்படுகிறது. இங்கே பெறும் கடிதம் செல்லுமா, அங்கு நடக்கும் மதிப்பீட்டின் கட்டணம் பேக்கேஜில் அடங்குமா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துணைக்கு வருபவரின் தங்குமிடமும் சாப்பாடும் நோட்டில் இந்த மருத்துவமனைப் பக்கத்தில்தான் சேரும்.

பணம் எங்கிருந்து வரும்? ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து, காரணம் சொல்லாமல் 50 ரிங்கிட் முதல் எடுக்கலாம். ஆனால் அதற்குச் சேர்வது சந்தாவில் 10 விழுக்காடுதான். மாதம் 2,500 ரிங்கிட் சம்பளம் வாங்குபவருக்கு அவருடைய 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து 600 ரிங்கிட் போகிறது. இந்தக் கணக்கில் விழுவது 60 ரிங்கிட். ஆண்டுக்கு 720 ரிங்கிட் மதிப்பீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும், அறுவைக்குப் போதாது. கூட்டுச் சீட்டு நம்மவர்களுக்குப் பழக்கமான வழி. அதை நடத்துவது 1971ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பதால், சீட்டு நடத்தியவர் ஓடிவிட்டால் போலீசில் சொல்லவே பலர் தயங்குகிறார்கள். வட்டி முதலைகளிடம் போகவே வேண்டாம்: படுத்திருக்கும் நாள்களில்தான் அவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஏற்கெனவே கடன் இருந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் இலவச ஆலோசனை பெற்று, தவணையைக் குறைத்துக்கொண்ட பிறகு சேமிக்கத் தொடங்குவது நல்லது.

கட்டணம் தாய்லாந்து நாணயமான ‘பாட்’ கணக்கில் சொல்லப்படுவதால், ரிங்கிட் சரிந்தால் தொகை கூடும். பத்தில் ஒரு பங்கைக் கூடுதலாக வைத்திருங்கள். ரொக்கமாகக் கொண்டுபோனால் 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேற்பட்டதைச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். முன்பணம் எப்போது திரும்பாது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். என் தோழி இரத்த அழுத்தம் காரணமாகத் தேதியைத் தள்ளிப்போட்டபோது முன்பணத்தில் பாதி போயிற்று. அந்த வரி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது.

அடையாளக் கார்டில் பாலினத்தை மாற்ற வழக்கறிஞருக்கென்று இப்போதே பணம் ஒதுக்க வேண்டாம். 2016இல் உயர் நீதிமன்றம் ஒரு திருநம்பிக்குச் சாதகமாகத் தந்த தீர்ப்பை, 2017 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்தத் தொகையைத் தையல் பிரிந்தாலோ கிருமி தொற்றினாலோ மீண்டும் பேங்காக் போவதற்கென்று தனியாக வைத்திருங்கள்.