மூளை ரத்தக்குழாய்க்கு எம்ஆர்ஐ எடுக்குறப்போ நடக்குற தப்புகள்

நான் எம்ஆர்ஐ ரூம்லதான் வேலை பாக்குறேன். மூளை ரத்தக்குழாய்ல கோளாறு இருக்குமோன்னு சந்தேகத்தோட வர்றவங்க நிறைய பேர், "ஏற்கனவே எம்ஆர்ஐ எடுத்தாச்சுங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க"ன்னு சொல்லுவாங்க. ஃபைல பிரிச்சு பாத்தா வெறும் சாதாரண மூளை ஸ்கேன், ரத்தக்குழாய பாக்குற சீக்வன்ஸ் (ஒவ்வொரு விஷயத்தையும் பாக்க மெஷின்ல தனியா எடுக்குற பட வகை) ஒண்ணு கூட இருக்காது. எம்ஆர்ஐன்னா ஒரே படம்னு நெனச்சுக்கறதுலதான் பாதி தப்பு ஆரம்பிக்குது.

ஏவிஎம்னு ஒண்ணு இருக்கு, ஆர்ட்டரி நடுவுல கேப்பிலரிங்கற நுண்குழாய் இல்லாம நேரா வெயின்ல போய் சேர்ற ஒரு சிக்கலான முடிச்சு. அதுல ரத்தம் பாய்ஞ்சு ஓடுறதால டி2ங்கற சாதாரண சீக்வன்ஸ் படத்துல கருப்பு புழுக்கள் சுருண்டு கெடக்குற மாதிரி தெரியும், ஓடுற ரத்தத்த மட்டும் வெள்ளையா காட்டுற டைம் ஆஃப் ஃப்ளைட் ஆஞ்சியோல அதே குழாய் மின்னும், ஊசி எதுவும் போடாமலே. கேவர்னோமான்னா மெல்லிய சுவரு உள்ள சின்ன ரத்தக்குழாய்ப் பைகளோட கொத்து, இதுக்கு நேர் எதிர். அதுல ரத்தம் தேங்கித்தான் நிக்கும், அதனால ஆஞ்சியோல மாட்டவே மாட்டாது, கால்ல ட்யூப் விட்டு, மருந்து செலுத்தி எக்ஸ்ரேல எடுக்குற டிஎஸ்ஏங்கற ஆஞ்சியோல கூட தெரியாது. டி2ல பாப்கார்ன் மாதிரி, சுத்தி ஒரு கருப்பு வளையத்தோட இருக்கும், அந்த கருப்பு எல்லாம் பழைய ரத்தக்கசிவு விட்டுட்டுப் போன இரும்பு. சின்னச்சின்ன கேவர்னோமாவ பிடிக்கணும்னா அந்த இரும்ப நல்லா கருப்பா காட்டுற எஸ்டபிள்யூஐ சீக்வன்ஸ் வேணும். அதனால ரிப்போர்ட்ல ஆஞ்சியோ நார்மல்னு இருந்தா கேவர்னோமா இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

எஸ்டபிள்யூஐல இன்னொரு தப்பு, இதப் பாத்தா எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும். ஒரு அம்மா ரெண்டு ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு அழுதுட்டே வந்தாங்க, போன தடவை பையனுக்கு நாலு கேவர்னோமா புள்ளி இப்ப ஒம்பதுன்னு. படத்த பாத்தா பழசு 1.5 டெஸ்லா மெஷின், புதுசு 3 டெஸ்லா. டெஸ்லாங்கறது மெஷினோட காந்த சக்தி, அதாவது ஃபீல்டு, அது கூடினா அந்த இரும்போட கருப்பும் கூடும், முன்னாடி கண்ணுக்கே தெரியாத புள்ளியெல்லாம் இப்ப தெரியும், இருக்குறதும் நிஜ சைஸ விட பெருசா பூத்து தெரியும். அப்புறம் ரேடியாலஜிஸ்ட் பழைய டி2வயும் புதுசையும் பக்கத்துல வச்சு அளந்து பாத்துட்டு, கூடுதலா தெரிஞ்ச அஞ்சும் புதுசா வந்ததுன்னு சொல்ல முடியாதுன்னு அவங்களுக்கு புரிய வச்சார். முடிஞ்சவரைக்கும் ஃபாலோ அப் அதே ஃபீல்டு, அதே சீக்வன்ஸ்ல எடுங்க, கேவர்னோமா வளந்துச்சான்னு எஸ்டபிள்யூஐல அளக்காதீங்க.

மூளைல ரத்தக்கசிவு ஆன கொஞ்ச நாள்ல எடுத்த ஆஞ்சியோவ மட்டும் நம்பி விட்டுடறதும் ஆபத்து. கசிஞ்ச ரத்தம் சில நாள் கழிச்சு டி1ங்கற இன்னொரு சீக்வன்ஸ்ல வெள்ளையா மாறும், டைம் ஆஃப் ஃப்ளைட்லயும் அது வெள்ளையாவே தெரியும், ஓடுற ரத்தம்னு ஏமாந்துடலாம். இல்லன்னா அந்த ரத்தக்கட்டியே சின்ன ஏவிஎம்ம அமுக்கி மறைச்சிடும். அதனாலதான் கட்டி கரைஞ்சப்புறம் டாக்டர் திரும்ப எடுக்க சொல்றாங்க, காசு புடுங்குறாங்கன்னு நெனச்சு தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

காதுக்குள்ள நாடித்துடிப்போட சேந்து உஸ் உஸ்னு சத்தம் கேக்குதா, வலிப்பு வந்துச்சா, குடும்பத்துல யாருக்காவது கேவர்னோமா இருக்கா, இதெல்லாம் முன்னாடியே சொல்லுங்க. காதுல அந்த சத்தம்னு ஒரு வரி தெரிஞ்சா ஏஎஸ்எல்ங்கற சீக்வன்ஸையும் சேத்து எடுக்கலாம், அதுலயும் ஊசி கிடையாது, ரத்தத்துல இருக்குற தண்ணியவே அடையாளம் போட்டு பாக்குறது, வெயின்ல வெளிச்சம் தெரிஞ்சா எங்கயோ ஆர்ட்டரி ரத்தம் குறுக்கு வழில புகுந்திருக்குன்னு சந்தேகம் வந்துடும்.

டிவிஏன்னு, அதாவது பிறவிலயே வெயின் வேற மாதிரி அமைஞ்சிருக்கறதுன்னு, ரிப்போர்ட்ல பாத்தா பயந்துடாதீங்க. குடை கம்பி மாதிரி சின்ன வெயின்லாம் ஒரு பெரிய வெயின்ல வந்து சேந்திருக்கும், அந்தப் பக்கத்து மூளைக்கு வடிகாலே அதுதான், அத எடுக்கவே கூடாது.

ஆனா ஊசியே இல்லாத எம்ஆர்ஐ போதும், டிஎஸ்ஏ எதுக்குன்னு ஏவிஎம் இருக்குறவங்க கேக்காதீங்க. ஏவிஎம் ஆபரேஷன் எவ்வளவு ஆபத்துன்னு கணிக்க 1986ல வந்த ஸ்பெட்ஸ்லர் மார்ட்டின் கிரேடுக்கு சைஸ், முக்கியமான மூளைப் பகுதில இருக்கா, வெயின் ஆழத்துக்கு வடியுதாங்கற மூணும் வேணும். முதல் ரெண்டும் எம்ஆர்ஐல நல்லா தெரியும், ஆனா ரத்தம் எதுல நுழைஞ்சு எதுல வெளியேறுதுன்னு நொடிக்கு நொடி துல்லியமா காட்டுறது இன்னிக்கும் டிஎஸ்ஏதான்.

ஸ்கேன் அன்னிக்கு, பேஸ்மேக்கரோ தலைல ஆபரேஷன்ல போட்ட பழைய கிளிப்போ இருந்தா அதோட கார்டு கொண்டு வாங்க, கிட்னி பிரச்சனையோ கர்ப்பமோ இருந்தா கான்ட்ராஸ்ட் ஊசி போடுறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. ஆஞ்சியோ ஓடுறப்போ தலைய அசைக்காதீங்க, கொஞ்சம் அசைஞ்சாலும் மெல்லிய குழாயெல்லாம் கலங்கிடும். பழைய ஸ்கேனோட பேப்பர் மட்டும் போதாது, சிடியும் வேணும்.