பயோடீசலுக்கு எண்ணெய் சேர்க்கிறீர்களா? கறுப்பைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்

பஜ்ஜிக் கடை எண்ணெய் கறுத்துவிட்டால் எதற்கும் ஆகாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நிறத்தால் பயோடீசலுக்குப் பெரிய கெடுதல் இல்லை. கெடுப்பது ஈரமும் அடியில் தங்கும் மாவுத் தூளும். ஈரம் சூட்டில் எண்ணெயைப் பிளந்து கொழுப்பு அமிலத்தைப் பெருக்கும். பயோடீசல் ஆக்க, எண்ணெயில் மெத்தனால் என்ற ஆல்கஹாலோடு காஸ்டிக் சோடா போன்ற காரத்தைச் சேர்ப்பார்கள். அமிலம் ஏறிய எண்ணெயில் அந்தக் காரத்தைச் சேர்த்தால் எரிபொருள் குறைந்து சோப்பு கூடும்.

திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. அப்படிக் கழிக்கும் எண்ணெயைத்தான் கடைகளில் கேட்டு வாங்க வேண்டும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் முதலில் சல்லடையிலும், பிறகு நாலாக மடித்த பழைய வேட்டியிலும் வடிகட்டுங்கள். முழுக்க ஆறினால் துணியில் இறங்காது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் கேன் நெளிந்துவிடும். வடிகட்டிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய்த் துணிக் குவியல் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலர்த்துங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

20 லிட்டர் கெட்டிப் பிளாஸ்டிக் கேன் நல்லது. செம்பும் பித்தளையும் எண்ணெயைச் சீக்கிரம் சிக்குப் பிடிக்க வைக்கும், துருவும் அப்படித்தான். 15 கிலோ தகர டின்னில் மசாலா உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு நிச்சயம். காற்று அதிகம் நிற்காதபடி கழுத்து வரை நிரப்பி, விரிவதற்கு இரண்டு விரல் இடம் விடுங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடி கூடவே கூடாது. நிழலில், செங்கல் மேல் பலகை போட்டு, அடுப்புக்கு எட்டத்தில் வையுங்கள்.

ஒரு வாரம் அசைக்காமல் வைத்தால் கசடு அடியில் இறங்கும். குழாய் பொருத்துவதானால் அடியிலிருந்து 3 அங்குலம் மேலே. மார்கழியில் பாமாயில் பாதி உறைந்து வெண்மையாகப் படியும். அதைக் கசடு என்று கொட்டிவிடாதீர்கள். அப்போது மட்டும் சில மணி நேரம் இளவெயிலில் வைத்தால் இளகிவிடும்.

ஈரம் பார்க்க, ஒரு கரண்டி எண்ணெயைச் சின்ன வாணலியில் 100 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. மொத்த எண்ணெயையும் 60 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்து, ஒரு நாள் விட்டு அடித் தண்ணீரை இறக்குங்கள். அடியில் தண்ணீர் நிற்கும்போது கொதிக்கவிட்டால் எண்ணெய் சீறி மேலே தெறிக்கும்.

அமிலம் பார்க்க, 1 லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் 1 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரையுங்கள்; கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெய், நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் சில சொட்டு. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு 15 வினாடி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். 3 மில்லிக்குள் முடிந்தால் நல்ல எண்ணெய். 5 மில்லியைத் தாண்டினால் தனியாக வையுங்கள், நல்லதோடு சேர்த்தால் நல்லதும் வீண். ஒவ்வொரு கேனிலும் தேதி, கடை, இந்த எண் மூன்றையும் எழுதி, பழையதை முதலில் எடுங்கள்.

மெத்தனாலுக்குத் தமிழ்நாட்டில் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர்கள் சேர்த்த எண்ணெயை அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடலாம். அடிக் கசடைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும்.