காண்ட்ராக்ட் சாஃப்ட்வேர் வாங்கப் போறீங்களா? டெமோவுக்கு முன்னாடி இதைப் பாருங்க

காண்ட்ராக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் வாங்கலாம்னு ஆபீஸ்ல பேச்சு வந்ததும் எல்லாரும் முதல்ல பண்றது, நாலு கம்பெனிக்கு மெயில் போட்டு வரிசையா டெமோ புக் பண்றது. அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. கடைசியா கையெழுத்தான அஞ்சாறு காண்ட்ராக்டை எடுத்து, யார் கேட்டாங்க, யார் டிராஃப்ட் போட்டாங்க, யார்கிட்ட எத்தனை நாள் கிடந்துச்சு, கையெழுத்தான ஃபைனல் காப்பி இப்ப எங்க இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, உங்க பிரச்சனை என்னன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

ஃபைனல் காப்பி யாரோ ஒருத்தர் மெயில்ல மட்டும் கிடக்குதுன்னா உங்களுக்கு வேணும்கிறது நல்ல தேடல் வசதியோட எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கிற சாஃப்ட்வேர். லீகல் டீம் ஒரே மாதிரி என்டிஏவை, அதாவது ரகசியத்தை வெளிய சொல்லமாட்டோம்ங்கிற ஒப்பந்தத்தை, திரும்பத் திரும்ப படிச்சு நேரம் போகுதுன்னா டெம்ப்ளேட்டும், அடிக்கடி வர்ற ஷரத்துகளைத் தயாரா எழுதி வச்சிருக்கிற கிளாஸ் (clause) லைப்ரரியும்தான் முக்கியம். ஃபைனான்ஸ் அப்ரூவல்ல மாட்டிக்கிட்டு நிக்குதுன்னா ஒர்க்ஃப்ளோ, அதாவது அப்ரூவல் ஒருத்தர்கிட்ட இருந்து அடுத்தவருக்குத் தானா போற வசதி. மூணும் வேற வேற வியாதி. எல்லா கம்பெனியும் மூணும் இருக்குன்னுதான் சொல்வாங்க, ஆனா ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு பக்கம்தான் உண்மையிலேயே நல்லா இருக்கும். காண்ட்ராக்டே மொத்தம் இருபது முப்பதுதான் இருக்குன்னா இப்போதைக்கு ஒரு ஷேர்ட் ஃபோல்டர், ஒரு எக்ஸெல் ஷீட், காலண்டர்ல ரிமைண்டர், இவ்வளவே தாராளமா போதும்.

அடுத்து தேதி. என்னைக் கேட்டா இந்த மாதிரி சாஃப்ட்வேரோட பாதி மதிப்பு இங்கதான் இருக்கு. ஒரு காண்ட்ராக்ட் டிசம்பர் 31 அன்னைக்கு முடியுது, வேண்டாம்னா 60 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும், இல்லன்னா தானா இன்னொரு வருஷம் ரினியூ ஆயிடும்னு போட்டிருக்குன்னு வைங்க. அப்ப உங்களுக்கு முக்கியமான தேதி நவம்பர் 1, டிசம்பர் 31 கிடையாது. முடியிற தேதியை மட்டும் வாங்கிக்கிட்டு 30 நாள் முன்னாடி ரிமைண்டர் அனுப்புற சாஃப்ட்வேர் டிசம்பர் 1 அன்னைக்குதான் உங்களை எழுப்பும், அதுக்குள்ள பணம் கட்டுற கடமை வந்தாச்சு. அதனால நோட்டீஸ் பீரியடைத் தனி ஃபீல்டா வச்சு கடைசி நாளை அதுவே கணக்கு போடுதா, ரிமைண்டர் ஒருத்தருக்கு மட்டும் போகுதா இல்ல ரெண்டு மூணு பேருக்குப் போகுதா, அந்த ஒருத்தர் வேலையை விட்டுப் போயிட்டா என்ன ஆகும், இதெல்லாம் கண்டிப்பா கேளுங்க.

திருத்தங்களையும் விட்டுடாதீங்க. மெயின் அக்ரிமென்ட்ல பேமென்ட் 30 நாள்னு இருக்கும், அப்புறம் போட்ட அமெண்ட்மென்ட்ல அது 45 நாள் ஆயிருக்கும். ரெண்டும் தனித்தனி ஃபைலா கிடந்தா தேடுறவருக்கு 30தான் கண்ணுல படும், அதை நம்பி வெண்டர்கிட்ட பேசப் போயிடுவாரு. மெயின் காண்ட்ராக்டோட அமெண்ட்மென்ட், ஒர்க் ஆர்டர் எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி, இன்னைக்கு எது அமல்ல இருக்குன்னு காட்டணும்.

இப்ப டெமோவுக்கு வரலாம். அவங்க கொண்டு வர்ற சாம்பிள் ஃபைல்ல எல்லாமே அழகாத்தான் ஓடும், அதைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. உங்ககிட்ட இருக்கிறதுலயே மோசமான ஃபைலை எடுத்துட்டுப் போங்க: கோணலா ஸ்கேன் பண்ணது, ஓரத்துல பேனாவால திருத்தினது, ரெண்டு மொழியில இருக்கிறது. ரகசியமான பேரு, தொகை எல்லாம் மறைச்சுட்டு குடுங்க. ஏஐ தேதியையும் தொகையையும் தானா எடுத்துடும்னு சொல்வாங்க, நிறைய இடத்துல எடுக்கவும் செய்யும், ஆனா எந்தப் பக்கத்துல எந்த வரியில இருந்து எடுத்துச்சுன்னு கிளிக் பண்ணா காட்டணும், ஒரு ஆள் சரிபார்த்து ஓகே பண்ற மாதிரி இருக்கணும், இல்லன்னா அந்த டேட்டாவை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. அப்புறம் எதிர் பார்ட்டியோட வக்கீல் உங்க சாஃப்ட்வேருக்குள்ள லாகின் பண்ணி எடிட் பண்ணுவாருன்னு எதிர்பார்க்காதீங்க, அவர் வேர்ட் ஃபைல்ல டிராக் சேஞ்சஸ் (எதை மாத்தினாங்கன்னு காட்டுற வசதி) போட்டு மெயில்லதான் அனுப்புவாரு. அது திரும்ப உள்ள வரும்போது பழைய வெர்ஷனோட ஒப்பிட்டுக் காட்டுதான்னு நேர்லயே செஞ்சு காட்டச் சொல்லுங்க.

இ-சைன் இப்ப பெரும்பாலும் பிரச்சனை இல்ல, அமெரிக்காவுல 2000லயே அதுக்கு சட்டம் வந்துடுச்சு, ஐரோப்பிய யூனியன்ல இஐடாஸ் விதி 2016ல இருந்து அமல்ல இருக்கு. ஆனா உயில், சொத்துப் பத்திரம் மாதிரி சிலதுக்கு நிறைய நாட்டுல இன்னும் பேப்பர்ல கையெழுத்து வேணும், அதை உங்க வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க. செக்யூரிட்டிக்கு எஸ்ஓசி 2 ரிப்போர்ட் (வெளி ஆடிட்டர் பாத்துக் குடுக்கிறது) கேட்டா டைப் 2வா கேளுங்க, டைப் 1 ஒரு குறிப்பிட்ட நாள்ல எப்படி இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும், டைப் 2 சில மாசம் தொடர்ந்து பாத்துட்டு சொல்றது. யார் எதைப் பார்க்கலாம்கிற பெர்மிஷனையும் பாருங்க, ஊழியர் காண்ட்ராக்ட் சேல்ஸ் டீம் கண்ணுல படக்கூடாது.

விலையில ஒரு யூசருக்கு இவ்வளவுன்னு சொன்னா, சும்மா படிக்க மட்டும் வர்றவங்களுக்கும் காசு உண்டான்னு கேளுங்க. உண்டுன்னா நாலு பேருக்கு மட்டும் லைசென்ஸ் வாங்குவீங்க, மத்தவங்க எல்லாம் அந்த நாலு பேர்கிட்ட மெயில்ல காப்பி கேட்பாங்க, பிரச்சனை பழையபடி அங்கயே நிக்கும். செட்டப் ஃபீஸ், பழைய காண்ட்ராக்டை ஏத்துற செலவு, டிரெயினிங், இதையெல்லாம் சேர்த்து மூணு வருஷக் கணக்கு போட்டுப் பாருங்க, முதல் வருஷ டிஸ்கவுன்ட்டை வச்சு ஒப்பிடாதீங்க.

வெளிய வர்ற வழியையும் உள்ள போறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. எல்லா ஃபைலையும் பிடிஎஃப், வேர்ட்ல மட்டும் இல்லாம, தேதி, தொகை, பார்ட்டி பேரு, யார் எப்ப அப்ரூவ் பண்ணாங்கங்கிற விவரத்தோட எக்ஸெல்ல திறக்கிற சிஎஸ்வி ஃபைலாவும் இறக்க முடியணும், டிரையல்லயே ஒருதடவை இறக்கிப் பாருங்க. அந்த கம்பெனி உங்ககிட்ட நீட்டுற காண்ட்ராக்ட்லயும் ஆட்டோ ரினியூவல் இருக்கும், ரினியூவல்ல விலை எவ்வளவு வரைக்கும் ஏறலாம்னு எழுதி வாங்குங்க, விட்டுட்டுப் போனா டேட்டாவை எத்தனை நாள் வச்சிருப்பாங்கன்னும் கேட்டு வாங்குங்க.

வாங்கினதும் எல்லா டீமையும் ஒரே நாள்ல ஏத்தாதீங்க. என்டிஏ மட்டும், இல்ல வெண்டர் காண்ட்ராக்ட் மட்டும்னு ஒரு வகையை எடுத்து ஒரு டீமோட ஆரம்பிங்க. பழசுல இப்ப அமல்ல இருக்கிறதை மட்டும் முதல்ல ஏத்துங்க, முடிஞ்சு போனதெல்லாம் மெதுவா வரட்டும். தினமும் சேல்ஸ்லயும் பர்ச்சேஸ்லயும் காண்ட்ராக்ட் கேட்கிற ஆளுங்க அதுல சிரமமில்லாம ஒரு ரெக்வஸ்ட் போடுறாங்களான்னு பாத்துட்டு அப்புறம் அடுத்த டீமுக்குக் கொண்டு போங்க.